பழைய தொட்டி மண்: எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கழிக்க வேண்டும்?

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியெங்கும் ஸ்டிராபெரி தோட்டங்கள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பாலிபேக்குகள் நிற்கும். பைக்குள் இருப்பது மண் அல்ல, தேங்காய் நார்த்தூள். செடி காய்த்து ஓய்ந்ததும் செடியோடு அந்த நார்த்தூளும் கழிக்கப்படும். கழித்ததைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் மிளகாயும் கீரையும் போடலாமா? சென்ற முறை தக்காளி இருந்த பெயிண்ட் வாளி மண்ணிலேயே மறுபடியும் கத்தரி வைக்கலாமா? மலையில் மட்டுமல்ல, ஈப்போவிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீட்டு ஐந்தடியில் செடி வளர்ப்பவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு.

போடலாம். ஆனால் அந்த மண்ணில் முன்பு எந்தச் செடி இருந்தது, அது எப்படிப் போனது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். காய்த்து முடிந்து இயல்பாக ஓய்ந்த செடியின் மண் நல்ல மண். நட்ட நடுவில் வாடிச் செத்த செடியின் மண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

தோட்டத்து வீடுகளில் தொட்டிச் செடிக்குத் தனி மதிப்பு உண்டு. கேமரன் மலையில் 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலம் முதல், தோட்டக் குடியிருப்பு என்பது வேலையோடு சேர்ந்து வரும் வீடுதான். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் நிர்வாகத்துடையது. வேலை முடிந்து கீழே தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ குடிபெயரும்போது, தரையில் வைத்த செடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எண்ணெய் டின்னிலும் வாளியிலும் வைத்த கறிவேப்பிலையும் ரோஜாவும் லாரியில் கூடவே வரும், பல வருடம் சேர்த்த மண்ணும் வரும். அந்த மண்ணைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் கடையில் மூட்டை வாங்குவது தேவையில்லாத செலவு.

மண்ணில் எது தீர்ந்துபோகிறது?

ஒரு போகம் முடிந்ததும் "சத்து போய்விட்டது" என்று சொல்லி மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். சத்து குறைவது உண்மைதான். தழைச்சத்து செடிக்குள் போகும், மீதி தண்ணீரோடு அடித்துக்கொண்டு போகும். ஆனால் திரும்பச் சேர்ப்பதற்கு மிகச் சுலபமானதும் சத்துதான். கடினமானது காற்று.

புதுத் தொட்டிக் கலவையில் நார், மரத்தூள், உமி போன்ற பெரிய துகள்களுக்கு இடையே இடைவெளி இருக்கும். தண்ணீர் அதன் வழியாக இறங்கி, பின்னால் காற்றை இழுத்துக்கொள்ளும். மாதங்கள் போகப் போக துகள்கள் மட்கிப் பொடியாகும். தொட்டியில் மண் மட்டம் கீழே இறங்குவதைப் பார்த்திருப்பார்கள். பொடியான மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிர காற்றை விடாது. வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். இலை மஞ்சளாவதைப் பார்த்து உரம் போடுவார்கள். அழுகிய வேருக்கு உரம் போட்டால் செடி இன்னும் சீக்கிரம் போகும்.

தானா ராத்தாவில் இந்தப் பிரச்சினை கூடுதல். பெயருக்குச் சமநிலம் என்று பொருள் இருந்தாலும் ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். குளிரில் தண்ணீர் ஆவியாவதும் மெதுவாகவே. கீழே சுபாங்கில் ஒரே நாளில் காயும் தொட்டி, மேலே பல நாள் ஈரமாகவே இருக்கும். அதனால் மலையில் பழைய மண்ணைப் புதுப்பிக்கிறவர்கள் உரத்தைவிட முதலில் வடிகாலைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு, கல் போடுவார்கள். அதனால் வடிகால் கூடுவதில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கல் இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலே மண்ணிலேயே தேங்கி நிற்கும். அதாவது ஈரம் நிற்கும் அடுக்கு, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளை அடைபடாமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். மிச்சத்தை மண் கலவையில்தான் சரிசெய்ய வேண்டும்.

வேர் சொல்லும் சேதி

செடியை வெட்டி எடுத்த பிறகு தொட்டியைக் கவிழ்த்து, மண் கட்டியை அப்படியே கீழே தட்ட வேண்டும். வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, இழுத்தால் அறுபடாமல் இருந்தால் கவலை இல்லை. மண்ணில் வெண்மையான பூஞ்சை இழைகளோ சிறு காளான்களோ இருப்பதும் கெடுதல் அல்ல. அவை மரத்துகளை மட்க வைக்கின்றன. வேர் கறுத்து, மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, சாக்கடை வாடை அடித்தால் அழுகல்.

வேரிலேயே மணி மணியாக வீக்கம் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு அது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை என்று எதையும் விடாது. ஆனால் பயற்றங்காய், பீன்ஸ் செடிகளின் வேரில் இருக்கும் முடிச்சுகளைப் பார்த்துப் பயந்து மண்ணைக் கொட்டிவிடுகிறவர்களும் உண்டு. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நல்ல பாக்டீரியாவின் கூடு. வித்தியாசம் சுலபம்: பயற்றுச் செடியின் முடிச்சு வேருக்கு வெளியே ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு வீக்கம் வேரின் உடம்பே தடித்தது. அது உதிராது. பயற்றங்காய் ஓய்ந்த மண்தான் அடுத்த கீரைக்குக் கிடைக்கும் நல்ல மண்.

எல்லாவற்றிலும் மோசமானது பாக்டீரியா வாடல். காலையில் நன்றாக இருந்த தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலேயே பச்சையாக வாடித் தொங்கும். ஓரிரு நாளில் செத்துவிடும். சந்தேகம் தீர, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி படும்படி அசையாமல் தொங்கவிட வேண்டும். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அதுதான். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி எல்லாவற்றையும் தாக்கக்கூடிய கிருமி அது. அந்த மண்ணை எந்தப் பக்குவம் செய்தும் வீட்டுத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. வாளியையும் கத்தியையும் குளோரோக்ஸ் கலந்த நீரில் கழுவ வேண்டும்.

கோஸ், சாவி, முள்ளங்கி வகையில் வேர் கட்டை கட்டையாக ஊதிப்போயிருந்தால் அது மலைப் பயிர்க்காரர்களுக்குத் தெரிந்த வேர்வீக்க நோய். அதன் வித்துகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். நல்ல வேளையாக அது கோஸ் குடும்பத்தை மட்டுமே தாக்கும். அந்த மண்ணில் ரோஜா வைக்கலாம், மிளகாய் வைக்கலாம், சாவி மட்டும் வைக்கக் கூடாது. வேறு தொட்டியோடு கலக்கவும் கூடாது.

கழிக்க வேண்டிய மண்ணைச் சாக்கில் கட்டிக் குப்பையில் போடுவதே சரி. கால்வாயில் கொட்டினால் நோய் அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும். மலைக் கால்வாய்கள் ஆற்றில் சேர்ந்து ரிங்லெட் ஏரிக்கு இறங்குகின்றன. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி அது. மேலே இருந்து வரும் மண் அங்கே படிந்து கிடப்பது கேமரன் மலையின் பெரிய தலைவலிகளில் ஒன்று. ஒரு வாளி மண்ணால் ஏரி நிரம்பாது என்பார்கள். அங்கே படிந்திருப்பது ஒரு வாளி அல்ல.

வெயிலில் மூடுவது மலையில் பலிக்காது

பழைய மண்ணைப் பிளாஸ்டிக்கில் மூடி வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்று பலரும் சொல்வார்கள். இது வெறும் வீட்டு வைத்தியம் அல்ல. இஸ்ரேலில் யாக்கோவ் காத்தானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-இல் ஆய்வாக வெளியிட்ட முறை. கறுப்பு பிளாஸ்டிக்கைவிட நிறமில்லாத பிளாஸ்டிக் நல்லது. மண் ஈரமாக இருக்க வேண்டும், ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். ஈப்போவிலோ கிள்ளானிலோ சிமெண்டுத் தரையில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், மழை குறைந்த மாதத்தில் செய்தால் நூற்புழுவும் பல பூஞ்சைகளும் குறையும்.

தானா ராத்தாவில் பகல் வெப்பமே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும். பிளாஸ்டிக்குக்குள் மண் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான ஈர மண்ணில் கிருமி சாவதற்குப் பதில் பெருகும். கீழே இருக்கும் உறவினர் சொன்ன முறையை மலையில் அப்படியே செய்து ஏமாறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலையில் உதவுவது ஆவி. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1957-இல் வெளியிட்ட தொட்டிச் செடி வளர்ப்புக் கையேடு, ஈர மண்ணை 60 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் செடிக்கு நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை சாகும் என்று காட்டியது. சமையலுக்கு உதவாத பழைய இட்லிப் பானை இதற்குப் போதும். தட்டில் துணி விரித்து, ஈரமான மண்ணை உதிரியாகப் பரப்பி, நடுவில் ஒரு சின்ன உருளைக்கிழங்கைப் புதைத்து மூடி ஆவியில் வைக்க வேண்டும். உருளை வெந்திருந்தால் நடு மண்ணுக்கும் போதிய சூடு ஏறிவிட்டது. உடனே அடுப்பை அணைத்துவிட வேண்டும். நேரம் கூடினால் மண்ணிலிருந்து அம்மோனியாவும் மாங்கனீசும் அளவுக்கு மீறி வெளிப்பட்டு நாற்றைக் கருக்கும். தேயிலை மலையின் அமில மண்ணில் மாங்கனீசு ஆபத்து அதிகம். வாடை வீட்டுக்குள் நிற்கும் என்பதால் வெளியடுப்பில் செய்வதே நல்லது. அந்தப் பானை மறுபடி அடுப்படிக்கு வரக் கூடாது.

ஒரு தடவைக்கு இரண்டு மூன்று லிட்டர் மண்தான் வேகும். பத்துப் பை மண்ணுக்கு இது வேலைக்காகாது. விதை போட, நாற்றுவிட மட்டும் இப்படிச் செய்தால் போதும். சூடாக்கிய மண்ணோடு கொஞ்சம் மண்புழு உரம் கலந்து, ஒரு வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஸ்டிராபெரி பையை என்ன செய்வது?

தேங்காய் நார்த்தூள் மெதுவாக மட்கும். ஆகவே இரண்டு மூன்று போகத்துக்குத் தாங்கும். தோட்டக்காரர் கழித்தது என்பதாலேயே அது கெட்டுப்போனது ஆகாது. இதில் கவலைப்பட வேண்டியது உப்பு. ஸ்டிராபெரிக்குச் சொட்டுநீரோடு உரத்தைக் கரைத்தே கொடுக்கிறார்கள். செடி எடுத்தது போக மீதி உப்பாக நார்த்தூளில் தங்கும். பையின் மேல்புறம் வெள்ளை பூத்திருப்பது அதுதான். அப்படியே விதை போட்டால் முளைக்காது, முளைத்தாலும் இலை ஓரம் கருகும்.

பழைய வேரைப் பிய்த்து எடுத்துவிட்டு, துளையுள்ள வாளியில் நார்த்தூளைப் போட்டு, அதன் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிட வேண்டும். வடியும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருப்பதைப் பார்த்து உப்பு இன்னும் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். அது நாரின் சாயம். மழைக்காலத்தில் கூரைக்கு வெளியே வைத்தால் மழையே இந்த வேலையைச் செய்துவிடும். பிறகு 10 லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு சேர்க்கலாம். நார்த்தூளில் குறையும் சுண்ணாம்புச்சத்தும் மக்னீசியமும் அதில் இருக்கின்றன.

அந்தப் பையில் மறுபடியும் ஸ்டிராபெரி மட்டும் வேண்டாம். குளிர்ப் பிரதேசத்தில் வரும் ஒருவகை வாடல் பூஞ்சை ஸ்டிராபெரி, தக்காளி, கத்தரி மூன்றையும் தாக்கும் என்பதால் அவையும் வேண்டாம். கொத்தமல்லி, வெங்காயத்தாள், கீரை, பயற்றங்காய் வைக்கலாம்.

மண்ணைத் தேற்றுவது

சாதாரணமாக இரண்டு பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு மட்கிய உரம் கலந்தால் கீரைக்கும் பூச்செடிக்கும் போதும். தக்காளி, கத்தரிக்குப் பாதிக்குப் பாதி. மண் பொடியாகிப் போயிருந்தால் கருக்கிய உமி, புது நார்த்துண்டு, பெர்லைட் ஏதாவது ஒன்றை நான்கில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும். மலைச்சரிவின் செம்மண்ணையோ தேயிலை வரிசை மண்ணையோ வெட்டிவந்து கலப்பது சரிப்படாது. சரிவிலேயே நல்லதாக இருக்கும் களிமண் தொட்டிக்குள் செங்கல்லாகிவிடும். தேயிலைக்குப் பிடித்த 4.5 முதல் 5.5 வரையிலான அமிலமும் பெரும்பாலான காய்கறிக்கு ஒத்துவராது. அவற்றுக்கு 6 முதல் 6.5 வேண்டும்.

பழைய மண்ணுக்கு உள்ள மிகச் சிறந்த வேலை ஒன்று பலருக்குத் தெரியாது. சமையலறைக் கழிவை மட்க வைக்கும் வாளிக்கு அதுவே மூடு மண். மூடியுள்ள வாளியின் அடியில் துளையிட்டு, நான்கு விரல் உயரத்துக்குப் பழைய மண்ணைப் போட வேண்டும். அன்றன்றைய காய்கறித் தோல், வாழைப்பழத்தோல், நொறுக்கிய முட்டை ஓடு இவற்றைப் போட்டு, அதே அளவு பழைய மண்ணால் மூடிவிட வேண்டும். கழிவு வெளியே தெரியாவிட்டால் ஈ வராது, வாடையும் வராது. மண்ணில் ஏற்கெனவே உள்ள நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். குழம்பு, எண்ணெய், மீன், இறைச்சி போட்டால் எலி வரும். வாளி நிறைந்ததும் மூடிவைத்து, வாரம் ஒருமுறை கிளற வேண்டும். பட்டணத்து வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் தோல் எது மண் எது என்று தெரியாமல் போகும். மலைக் குளிரில் நான்கு மாதம்கூட ஆகலாம். பொறுக்காமல் பாதி மட்கியதைத் தொட்டியில் போட்டால், மட்கும் வேலைக்கே தழைச்சத்து செலவாகி செடி வெளிறும்.

தேயிலைச் சக்கையும் இந்த வாளிக்குத்தான் போக வேண்டும், நேராகத் தொட்டிக்கு அல்ல. காய்ந்த சக்கையில் சுமார் 4 விழுக்காடு தழைச்சத்து உண்டு. ஆனால் ஈரமாகத் தொட்டியில் கொட்டினால் மேலே பாளமாகிப் பூசணம் பிடிக்கும். தே தாரிக் கடையில் துணிப்பையில் வடிகட்டியபின் மிஞ்சும் சக்கையில் பாலும் சீனியும் இருக்காது, கேட்டால் வாளி வாளியாகக் கிடைக்கும். வீட்டில் பாலும் சீனியும் சேர்த்துக் கொதிக்கவைத்த சக்கையை அலசிவிட்டுப் போடாவிட்டால் எறும்பு புற்றே கட்டிவிடும்.

கோழி எருவைப் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்கறித் தோட்டங்களில் பச்சைக் கோழி எரு போடுவதால் கேமரன் மலையில் ஈத் தொல்லை பல வருடப் புகார். வாசல் தொட்டியில் போட்டால் அந்த ஈ வீட்டுக்குள்ளேயே வரும், செடியின் வேரும் வெந்துபோகும். நன்றாக மட்கி, வாடை போய், உதிரியான எருவாக இருந்தால் பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆட்டுப் புழுக்கை இதைவிடச் சாது.

தொட்டிகளில் ஒரு சீட்டு எழுதிச் செருகுவது நல்ல பழக்கம்: கடைசியாக எந்தச் செடி, எந்த மாதம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஒரே குடும்பம். கோஸ், சாவி, முள்ளங்கி இன்னொரு குடும்பம். ஒரு குடும்பம் இருந்த தொட்டியில் அடுத்து வேறு குடும்பம் வர வேண்டும். நூற்புழு சந்தேகம் இருந்தால் ஒரு போகம் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு வைக்கலாம். அதன் வேர் புழுவைக் குறைக்கும், பூ சாமிக்கு ஆகும்.

கையுறை போடுங்கள்

காய்ந்த பழைய மண்ணைக் கிளறும்போது கிளம்பும் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா வகைக் கிருமி இருக்கலாம். 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் தொட்டி மண்ணிலிருந்தே அது மனிதருக்கு வந்தது கண்டறியப்பட்டது. மண்ணைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு கிளற வேண்டும், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் இன்னொன்றும் உண்டு. ஈர மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோய், கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும். ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் 1912-இல் இதை முதலில் விவரித்தார்கள். இது அதிகம் பாதிப்பது நீரிழிவு உள்ளவர்களை. நம்மவர் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. செடி வளர்ப்பதும் பெரும்பாலும் வயதானவர்கள்தான். ரப்பர் கையுறை, காலுக்கு மூடிய செருப்பு, முடிந்ததும் சோப்பு. மண்ணில் வேலை செய்த சில நாளில் விடாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் மண் வேலை செய்ததையும் சொல்ல வேண்டும்.

மூன்று நான்கு தடவை தேற்றிய மண், கடைசியில் என்ன கலந்தாலும் சேறாகவே நிற்கும். அதைத் தொட்டிக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிடலாம். நோய் இல்லாத மண் என்றால் வாழை மரத்தடி, செராய் புதர், வேலி ஓரம் என்று தரையில் செடி இருக்கும் எங்கும் மெல்லிய அடுக்காகப் பரப்பலாம். தரையே இல்லாத அடுக்குமாடிக்காரர்கள் மட்கு வாளியின் மூடு மண்ணாக அதை வைத்துக்கொண்டால், வாளி ஒவ்வொரு முறை நிறையும்போதும் அதில் கொஞ்சம் புது உரத்தோடு தொட்டிக்குத் திரும்பும்.